பெனடோல் அளக்கும் மின்வாய்: காபன் நனோ உணரியை முதன்முதலாகச் செய்வோருக்கு

செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடி வரும் இரசாயனவியல் மாணவர்களின் கைத்தாள்களில் காபன் நனோகுழாய், கிரபீன், காபன் குவாண்டம் புள்ளி ஆகிய நனோ அளவுக் காபன் வடிவங்களின் பெயர்கள் தவறாமல் இருக்கும். எதை அளக்கப் போகிறோம், அது எந்த அளவில் இருக்கும் என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை இருப்பது அரிது. இந்தக் கட்டுரை உயர்தர இரசாயனவியலில் மின்னிரசாயனத்தைப் படித்துவிட்டு, பேராதனையிலோ பதுளையிலோ ஹற்றனில் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்திலோ முதன்முறையாக ஒரு மின்வாயைக் கையில் எடுப்பவருக்கானது. நாம் அளக்கப்போவது எல்லா வீட்டிலும் இருக்கும் பரசிற்றமோலை, அதாவது கடையில் பெனடோல் என்று கேட்டு வாங்கும் மாத்திரையை. இது மலிவானது, நீரில் கரைவது, காபன் மின்வாயில் தெளிவான மின்னோட்ட உச்சம் தருவது. மாத்திரையின் உறையிலேயே 500 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதால் நம் விடை சரியா பிழையா என்பதும் உடனே தெரிந்துவிடும்.

நனோப்பொருளை மின்வாயில் இடும் வேலை இந்தக் கட்டுரையின் நடுப்பகுதிக்குப் பிறகே வரும். அதைத் தாமதப்படுத்துவது வேண்டுமென்றே செய்வதுதான். வெறும் காபன் மின்வாய் என்ன சொல்கிறது என்பதை அறியாதவருக்கு, நனோப்பொருள் பூசிய மின்வாய் சொல்வதும் விளங்காது.

மின்வாயில் நடப்பது என்ன

பரசிற்றமோல் மூலக்கூறு ஒன்று மின்வாயின் மேற்பரப்பை அடையும்போது, அங்குள்ள மின்னழுத்தம் (இனி அழுத்தம்) போதுமான அளவு நேர்மின் பக்கம் இருந்தால், அது இரண்டு இலத்திரன்களையும் இரண்டு புரோத்தன்களையும் இழந்து குயினோன் இமைன் வகைச் சேர்வையாக ஒட்சியேறுகிறது. அந்த இலத்திரன்கள் கம்பி வழியே செல்வதே நாம் அளக்கும் மின்னோட்டம். கரைசலில் மூலக்கூறுகள் இரட்டிப்பானால் மின்னோட்டமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நடுநிலைக் கரைசலில், வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு மின்வாயோடு ஒப்பிட, இந்த உச்சம் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வோல்ற்றுக்குள் தோன்றும். டொபமின், யூரிக் அமிலம், விற்றமின் சி ஆகியவையும் இதே முறையில் ஒட்சியேறுபவை. அதனால்தான் அவை நமக்குப் பின்னர் தொல்லை தரும்.

காபன் நனோப்பொருள் இதில் செய்யும் வேலைகள் மூன்று. மேற்பரப்பைப் பெருக்குகிறது, இலத்திரன் எளிதாகக் கடக்கும் விளிம்புகளையும் குறைபாட்டு இடங்களையும் கூடுதலாகத் தருகிறது, பென்சீன் வளையமுள்ள மூலக்கூறுகளைத் தன்மேல் ஒட்டவைத்து, அளப்பதற்கு முன்பே செறிவாக்குகிறது. 1991இல் சுமியோ இயிஜிமா பல்சுவர் நனோகுழாய்களை விவரித்த ஐந்து ஆண்டுகளுக்குள், 1996இலேயே, நனோகுழாய் மின்வாயில் டொபமினின் ஒட்சியேற்றம் ஆராயப்பட்டுவிட்டது. ஆண்ட்ரே கெய்மும் கொன்ஸ்தாந்தின் நொவொசெலொவும் 2004இல் கிரபீனைப் பிரித்தெடுத்து, 2010இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற பிறகு இந்தத் துறையில் கட்டுரைகள் ஐப்பசி மழைபோலக் கொட்டத் தொடங்கின.

முதற்படி: பொருட்களைச் சேர்த்தல்

மூன்று மின்வாய்கள் வேண்டும். வினை நடப்பது செயல் மின்வாயில். அழுத்தத்தை ஒப்பிட வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு மின்வாய். மின்னோட்டச் சுற்றை முடிக்கப் பிளாற்றினக் கம்பி அல்லது ஒரு காரீய (கிரபைற்று) தண்டு. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, மின்னோட்டத்தை அளந்து, இவற்றை ஆட்டிவைக்கும் கருவி பொட்டென்ஷியோஸ்டற். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று கைவிட்டுவிட வேண்டாம். 2011இல் வெளியான சீப்ஸ்டாட் என்ற திறந்த வடிவமைப்பின் உதிரிப்பாகங்களுக்கு அப்போது 80 அமெரிக்க டொலருக்கும் குறைவாகவே செலவானது. சாலிடர் பிடிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருந்தால் அந்த வழி திறந்தே இருக்கிறது.

செயல் மின்வாயாக, பயிற்சிக்கு, புத்தகக் கடையில் விற்கும் 0.5 மில்லிமீற்றர் இயந்திரப் பென்சில் முனையைப் பரிந்துரைக்கிறேன். அதைப் பென்சிலிலேயே பொருத்தி, முனையின் 1 சென்ரிமீற்றர் மட்டும் கரைசலில் படும்படி குறித்துக்கொண்டு, எஞ்சிய பகுதியைத் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லோன் டேப்பால் மூடுங்கள். அப்போது கரைசலில் படும் பரப்பு ஏறத்தாழ 0.16 சதுர சென்ரிமீற்றர். முனைகளில் பிணைப்புப் பொருளும் மெழுகும் கலந்திருப்பதால், தாங்கற்கரைசலில் 1.4 வோல்ற்றில் 60 செக்கன் வைத்து மேற்பரப்பைத் தயார்படுத்துவது வழக்கம். நனோப்பொருள் பூசுவதற்கு மட்டும், துறையில் இருந்தால், 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் காபன் (கண்ணாடிபோல இறுகிப் பளபளக்கும் காபன்) மின்வாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிறிய திசைமாற்றம். கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் பாறை வெடிப்புகளுக்குள் நரம்புபோல ஓடும் காரீயம், தூய்மைக்குப் பெயர்பெற்றது. நம் மலைகளின் அடிவாரத்திலேயே கிடைக்கிறது. இதைக் கேள்விப்பட்ட மாணவர் பலர், அதிலிருந்து கிரபீன் ஒட்சைட்டைத் தாமே செய்யலாமே என்று ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானதே. ஆனால் 1958இல் ஹம்மர்ஸ் முன்வைத்த முறை, செறிந்த சல்பூரிக் அமிலத்தில் பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சேர்ப்பது. வெப்பநிலை கைமீறினால் வெடிக்கக்கூடியது. முதல் செயற்றிட்டத்துக்கு அது வேண்டாம். காபொட்சில் தொகுதி ஏற்றப்பட்ட பல்சுவர் நனோகுழாய் சில நூறு மில்லிகிராம் வாங்கினால், மூன்று மாணவர் குழுக்களுக்கு ஓராண்டுக்குப் போதும்.

நனோகுழாய்த் தூளை உலர்ந்த நிலையில் திறந்த மேசையில் நிறுக்கக் கூடாது. நீண்ட, விறைப்பான நனோகுழாய்கள் எலிகளின் உடற்குழியில் கல்நார் இழைகளைப் போன்ற அழற்சியை உண்டாக்கியதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. புகையகற்றும் அலுமாரிக்குள், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முடிந்தவரை ஈரமாக்கிய பிறகே கையாளுங்கள்.

இரண்டாம் படி: வெறும் மின்வாயைச் சோதித்தல்

கண்ணாடிக் காபனை 1.0, 0.3, 0.05 மைக்ரோமீற்றர் அலுமினாத் தூள்களால் வரிசையாக, ஈரத்துணியின்மேல் 8 என்ற எண்ணின் வடிவில் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்தால் கீறல்கள் விழும். ஒவ்வொரு தூளுக்கும் தனித் துணி வேண்டும். இடையிடையே வடித்த நீரில் கழுவ வேண்டும். கடைசியில் மேற்பரப்பு முகம் தெரியும் கறுப்புக் கண்ணாடியாக இருக்கும்.

பிறகு 100 மில்லிலீற்றர் நீரில் 0.75 கிராம் பொற்றாசியம் குளோரைட்டையும் 165 மில்லிகிராம் பொற்றாசியம் பெரிசயனைட்டையும் கரையுங்கள். இது 0.1 மோலர் மின்பகுபொருளில் 5 மில்லிமோலர் பெரிசயனைட்டு. இந்தக் கரைசலில் அமிலம் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வெளிப்படும். அழுத்தத்தை 0.6 வோல்ற்றிலிருந்து −0.2 வரைக்கும் பின்னர் திரும்பவும், செக்கனுக்கு 50 மில்லிவோல்ற்று வேகத்தில் நகர்த்துங்கள். இரண்டு உச்சங்கள் தோன்றும். இலட்சிய நிலையில் அவற்றின் இடைவெளி 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 57 மில்லிவோல்ற்று. நன்கு தேய்த்த மின்வாயில் 70, 80 வரை வருவது ஏற்கத்தக்கது. 150ஐத் தாண்டினால் திரும்பவும் தேயுங்கள். பென்சில் முனையில் இந்த இடைவெளி அகன்றே இருக்கும். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது, ஐந்து முனைகளை எடுத்து அளந்தால் ஐந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்பதை.

பாடநூல்கள் பெரும்பாலும் 25 பாகையை எடுத்துக்கொண்டே எழுதுகின்றன. நம் அறைகள் அப்படி இருப்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மார்கழி மாதக் காலை, மூடிய அறைக்குள்ளும் குளிர் 15 பாகைக்கு அருகில் நிற்கும். மதியத்துக்குப் பின் வெயில் விழுந்தால் 22 ஆகிவிடும். கரைசலில் மூலக்கூறுகள் பரவும் வேகம் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் மாறுவதால், காலையில் எடுத்த உச்சமும் மாலையில் எடுத்த உச்சமும் ஒரே கரைசலில்கூட ஒத்துப்போகா. விலையுயர்ந்த வெப்பநிலைக் கட்டுப்படுத்தி தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கலத்தை அதில் இறக்கி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து 25 பாகையில் வைத்துக்கொண்டாலே போதும். அளவீட்டுப் புத்தகத்தில் வெப்பநிலைக்கென ஒரு நிரல் போட்டு எழுதுங்கள்.

குளிரின் இன்னொரு குறும்பு ஒப்பீட்டு மின்வாயில் தெரியும். அதற்குள் இருக்கும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் கொழும்பின் வெப்பத்தில் நிரம்பலாக்கப்பட்டிருந்தால், இங்கே வந்ததும் பளிங்குகள் படிந்து அடித்துளையை அடைத்துவிடும். 3 மோலர் கரைசலை நிரப்புவதே பாதுகாப்பு. நான் மாணவனாக இருந்தபோது தைப்பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்த மின்வாயை வெறும் பீக்கரில் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து அளந்தபோது என் உச்சம் ஏறத்தாழ 100 மில்லிவோல்ற்று நகர்ந்திருந்தது. புதிய நனோப்பொருளின் வினையூக்கம் என்று நினைத்து இரண்டு வாரம் மகிழ்ந்தேன். உள்ளே கரைசல் வற்றிப்போயிருந்ததை மேற்பார்வையாளர்தான் கண்டுபிடித்தார்.

மின்னிரைச்சலுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். மைக்ரோஅம்பியருக்குக் கீழே அளக்கும்போது, பக்கத்து அறை மின்மோட்டார்கூட வளைகோட்டில் ரம்பப்பல் போட்டுவிடும். பெரிய பிஸ்கட் தகரப்பெட்டியில் கம்பிகளுக்குத் துளையிட்டு, கலத்தை உள்ளே வைத்து, தகரத்தைப் புவியிணைப்போடு இணையுங்கள். இடிமழை நாளில் அளவீடே வேண்டாம்.

மூன்றாம் படி: நனோப்பொருளைப் பூசுதல்

நனோகுழாயை மின்வாயில் பிடித்துவைக்கும் பல்பகுதியமான கைற்றோசானை 1 சதவீத அசற்றிக் அமிலத்தில் 0.5 சதவீதமாகக் கரைத்து, அந்தக் கரைசலின் 1 மில்லிலீற்றரில் 1 மில்லிகிராம் நனோகுழாயை இட்டு, மீயொலித் தொட்டியில் 30 நிமிடம் வையுங்கள். தொட்டி நீர் சூடாகும். இடையில் ஒருமுறை மாற்றுங்கள். அடியில் மண்டி தங்காத, மையைப் போன்ற கறுப்புக் கலவை கிடைக்க வேண்டும். மண்டி தங்கினால் அந்தக் கலவையைப் பயன்படுத்தாதீர்கள். மேலுள்ள தெளிவை மட்டும் எடுத்துச் சமாளித்தால், எவ்வளவு பூசினீர்கள் என்று உங்களுக்கே தெரியாமற்போகும்.

இதில் 5 மைக்ரோலீற்றரைத் தேய்த்துக் கழுவிய கண்ணாடிக் காபனின் நடுவில் விட வேண்டும். இந்த வேலையில் பெரும்பாலானோர் தோற்பது உலர்த்தும்போதுதான். மேசையில் சிந்திய தேத்தண்ணி காயும்போது ஓரத்தில் கடும் வளையமும் நடுவில் வெளிறிய வட்டமுமாகக் கறை விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் முதலில் உலர்ந்து, உள்ளிருக்கும் நீரையும் துணிக்கைகளையும் தன்பக்கம் இழுப்பதே காரணம். நனோகுழாயும் அதையே செய்யும். பனிமூட்டம் இறங்கும் நாட்களில் ஒரு துளி உலர ஒரு மணித்தியாலம்கூட ஆகலாம். வெயில் நாளில் பதினைந்து நிமிடத்தில் உலரும். இரண்டு படலங்களும் ஒன்றாக இரா. மின்வாயை நிமிர்த்தி நிறுத்தி, பீக்கரைக் கவிழ்த்து மூடி, மேசைவிளக்கை எப்போதும் ஒரே தூரத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் உலர்த்துங்கள். கூடுதலாகப் பூசினால் கூடுதல் உச்சம் வரும் என்று 20 மைக்ரோலீற்றர் ஊற்றுவோர் உண்டு. படலம் தடித்து, கரைசலில் ஊறி, இரண்டாவது அளவீட்டிலேயே உரிந்துவிடும்.

நான்காம் படி: ஒப்பிடுதல்

இந்தப் படியைத் தாண்டிப்போகும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. மூன்று மின்வாய்களை ஒரே நாளில், ஒரே கரைசலில் அளக்க வேண்டும்: வெறும் கண்ணாடிக் காபன், கைற்றோசான் மட்டும் பூசியது, கைற்றோசானோடு நனோகுழாய் பூசியது. முடியுமானால் நனோகுழாய்க்குப் பதிலாக சாதாரண காரீயத் தூள் கலந்து பூசிய நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நான்காவது மின்வாய் நனோகுழாய்க்குச் சமமாக நடந்துகொண்டால், உங்களுக்குத் தேவையானது காபன், நனோ அன்று.

உச்சத்தின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேற்பரப்பு பெருகினால் பரசிற்றமோலே இல்லாத தாங்கற்கரைசலிலும் பின்னணி மின்னோட்டம் பெருகும். உச்சம் நான்கு மடங்கும் பின்னணி பத்து மடங்கும் வளர்ந்திருந்தால் நீங்கள் இழந்திருக்கிறீர்கள். உச்சம் குறைந்த அழுத்தத்துக்கு நகர்வதும் வினையூக்கத்துக்குச் சான்றாக எழுதப்படுவதுண்டு. ஆனால் நுண்துளைப் படலத்துக்குள் சிறைப்பட்ட கரைசல், தூரத்திலிருந்து மூலக்கூறு பரவி வரத் தேவையில்லாமல், அங்கேயே ஒட்சியேறுவதாலும் அதே நகர்வு ஏற்படும். இதைப் பிரித்தறிய, அழுத்தத்தை நகர்த்தும் வேகத்தை 10 முதல் 200 மில்லிவோல்ற்று வரை மாற்றிப் பாருங்கள். உச்சம் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானால் மூலக்கூறுகள் பரவி வருகின்றன. வேகத்துக்கே நேர்விகிதமானால் அவை மேற்பரப்பில் ஒட்டியோ படலத்துக்குள் சிக்கியோ இருக்கின்றன.

நனோகுழாய்கள் பெரும்பாலும் இரும்பு, நிக்கல், கோபாற்றுத் துணிக்கைகளின்மேல் வளர்க்கப்படுவதால், அமிலத்தால் கழுவிய பிறகும் அவற்றின் எச்சம் உள்ளே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐதரசன் பேரொட்சைட்டு போன்றவற்றுக்கு வரும் சைகையின் பெரும்பங்கு அந்த உலோகத்துடையதாக இருக்கலாம். 2020இல் மார்ட்டின் புமேராவும் சக ஆய்வாளர்களும் பறவை எச்சத்தைக் கிரபீனோடு சேர்த்துப் பதப்படுத்தி, அதுவும் வெறும் கிரபீனைவிட நன்றாக வினையூக்குகிறது என்று காட்டினார்கள். கேலியாகச் செய்ததுதான், ஆனால் கேலிக்குள் இருந்த கேள்வி கூர்மையானது.

ஐந்தாம் படி: நியமக் கோடு வரைதல்

தூய பரசிற்றமோல் 151 மில்லிகிராமை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலர் இருப்புக் கரைசல் கிடைக்கும். கலத்தில் பிஎச் 7 உள்ள 0.1 மோலர் பொஸ்பேற்றுத் தாங்கற்கரைசல் 20 மில்லிலீற்றர் எடுத்து, இருப்புக் கரைசலை 10 மைக்ரோலீற்றர் சேர்த்தால் 5 மைக்ரோமோலர். மொத்தம் 200 சேர்த்தால் 100 மைக்ரோமோலர். கனவளவு ஒரு சதவீதமே கூடுவதால் திருத்தம் தேவையில்லை. இந்த அழுத்த எல்லையில் கரைந்த ஒட்சிசன் இடையூறு செய்யாது. ஆகவே நைத்திரசன் உருளையைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் சிறு துடிப்பு கொடுத்து, துடிப்பு தொடங்கும் முன்னும் அது முடியும் தறுவாயிலும் உள்ள மின்னோட்டங்களின் வேறுபாட்டை அளக்கும் துடிப்பு முறையையே இங்கே பயன்படுத்துங்கள். பின்னணி பெருமளவு கழிந்துவிடும். படி 5 மில்லிவோல்ற்று, துடிப்பு 50 மில்லிவோல்ற்று என்று தொடங்கலாம். ஒவ்வொரு செறிவையும் மூன்று முறை அளந்து, உச்சத்தைச் செறிவுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும்.

பரசிற்றமோல் இல்லாத கரைசலைப் பத்து முறை அளந்து, அதன் நியம விலகலை 3.3ஆல் பெருக்கி, கோட்டின் படித்திறனால் வகுத்தால் கண்டறியும் எல்லை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, விலகல் 0.02 மைக்ரோஅம்பியரும் படித்திறன் மைக்ரோமோலருக்கு 0.08 மைக்ரோஅம்பியரும் ஆனால், எல்லை ஏறத்தாழ 0.8 மைக்ரோமோலர். இந்த எண்ணைக் குறைக்க நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் புதியவர்கள் சேர வேண்டாம் என்பதே என் எண்ணம். சிகிச்சை அளவில் மருந்தெடுத்தவரின் இரத்தத் திரவவிழையத்தில் பரசிற்றமோல் லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம், அதாவது 66 முதல் 132 மைக்ரோமோலர் இருக்கும். அதை அளக்க நனோமோலர் உணரி எதற்கு? டொபமினின் கதை நேரெதிர். இரத்தத்தில் அது நனோமோலருக்கும் குறைவாகவும் விற்றமின் சி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடுதலாகவும் இருப்பதால், அங்கே ஒவ்வொரு தசமத்துக்கும் பொருளுண்டு.

ஆறாம் படி: மாத்திரையும் இடையூறுகளும்

ஐந்து மாத்திரைகளை நிறுத்துச் சராசரி கண்டு, உரலில் பொடித்து, 151 மில்லிகிராம் பரசிற்றமோலுக்கு ஈடான தூளை 100 மில்லிலீற்றர் நீரில் கலக்கி வடியுங்கள். அதில் 100 மைக்ரோலீற்றரைக் கலத்திலுள்ள 20 மில்லிலீற்றரில் சேர்த்தால் 50 மைக்ரோமோலர் காட்ட வேண்டும். பிரித்தானிய மருந்துநூல் உறையில் சொன்ன அளவின் 95 முதல் 105 சதவீதத்தை ஏற்கிறது. உங்கள் விடை 88 ஆனால், மாத்திரையைச் சந்தேகிக்கும் முன் வடிதாளையும் பிப்பெற்றையும் சந்தேகியுங்கள்.

கபேன் சேர்ந்த மாத்திரையும் கடையில் உண்டு. கபேன் ஏறத்தாழ 1.4 வோல்ற்றுக்கு அருகிலேயே ஒட்சியேறுவதால் அது நம் வழியில் வராது. யூரிக் அமிலமும் விற்றமின் சியும் வரும். 50 மைக்ரோமோலர் பரசிற்றமோலோடு அவற்றைச் சம அளவும் பத்து மடங்கும் சேர்த்து, உச்சம் 5 சதவீதத்துக்கு மேல் மாறுகிறதா என்று பாருங்கள். விற்றமின் சி இந்தப் பிஎச்சில் எதிர்மின்னேற்றமுடையது. கைற்றோசானுக்குப் பதிலாக, தானும் எதிர்மின்னேற்றமுள்ள நாஃபியோன் என்ற பல்பகுதியத்தைப் பூசினால் அது விலக்கப்படும். இரண்டையும் செய்து ஒப்பிடுவதே ஒரு நல்ல செயற்றிட்டம். தேயிலை நாட்டில் இருப்பதால் தேத்தண்ணியையும் அளந்து பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். அதிலுள்ள கற்றெச்சின்கள் பரசிற்றமோலைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே ஒட்சியேறி, மின்வாயின்மேல் படலமாகப் படிந்து, அடுத்தடுத்த உச்சங்களைச் சிறுக்கவைக்கும். நன்றாகத் தேய்க்கப் பழகிய பிறகு முயலுங்கள்.

சிறுநீர், இரத்தம் என்று மனித மாதிரிகளுக்குப் போகும் முன் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது வரும்வரை செயற்கைச் சிறுநீரில் பழகலாம். உண்மையான மாதிரியில் புரதங்கள் மின்வாயை அடைப்பதால் கோட்டின் படித்திறன் மாறும். ஆகவே முன்பு வரைந்த கோட்டை நம்பாமல், அந்த மாதிரிக்குள்ளேயே தெரிந்த அளவு பரசிற்றமோலைப் படிப்படியாகச் சேர்த்து அளந்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டி விடை காணுங்கள்.

நாள் முடிவில் பூசிய படலத்தைத் தேய்த்தகற்றி, அந்தத் துணியை மூடிய பையில் இடுங்கள். பெரிசயனைட்டுக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப்போத்தலில் சேர்த்து, அமிலக் கழிவுக்கு எட்டத்தில் வையுங்கள். ஒப்பீட்டு மின்வாயைக் கழுவி, 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டில் நிறுத்தி, போத்தல் வாயை மூடிவிட்டு விளக்கை அணையுங்கள்.